சாம்பல் புதன் மறையுரையில் யாரைத் திட்டுகிறீர்கள்?

சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலம் நெருங்கினாலே, கடற்கரை ஊர்களின் இளம் குருக்களும் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களும் அன்றைய பூசைக்கான மறையுரையை (பிரசங்கத்தை) எழுதி, "ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க ஃபாதர்" என்று அனுப்புவார்கள். இந்த வருஷமும் வந்தன, மறுபடியும் அதேதான்: குடிக்கிறவனே, பெண்டாட்டியை அடிக்கிறவனே, நீ மண், மண்ணுக்கே போவாய்! படிக்கப் படிக்க மனசு ஆறவில்லை.

சாம்பல் புதன் பூசைக்கு யார் வருவார்கள் என்று யோசித்தீர்களா? ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதே திங்கள், புதன், சனி. புதன் காலையில் அனுமதி டோக்கன் வாங்கி இறங்கினால் மறுநாள் காலைதான் கரை. (நாட்டுப்படகு ஊர்களில் கணக்கு வேறு, சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) கோயிலில் இருப்பது பெண்களும் வயசானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். மீன் விற்றுவிட்டு அவசரமாகக் குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் "குடிகாரா" என்று முழங்கினால் எப்படி? வீட்டில் அடி வாங்குகிறவருக்கே இங்கே திட்டும் விழுகிறது.

தவக்காலம் என்றால் பாவிகளை மிரட்டுகிற காலம் என்று யாரோ மனசில் ஏற்றிவிட்டார்கள். அன்றைய நற்செய்தியை எடுத்துப் பாருங்கள், மத்தேயு 6. அதில் குடிகாரன் எங்கே வருகிறான்? தர்மம் செய்கிறவர்கள், ஜெபம் செய்கிறவர்கள், நோன்பு இருக்கிறவர்கள், இவர்களிடம்தான் ஆண்டவர் பேசுகிறார், ஊர் பார்க்கச் செய்யாதே என்று. அதாவது கோயிலுக்குள் இருக்கிறவர்களிடம். பீடத்தில் நிற்கிற நம்மையும் சேர்த்துத்தான். யோவேல் இறைவாக்கினரின் வாசகமும் துணியைக் கிழிக்காதே, இதயத்தைக் கிழி என்று கூடியிருக்கிற சபையைத்தான் கூப்பிடுகிறது. வாசகம் வந்தவர்களிடம் பேசும்போது நீங்கள் ஏன் வராதவர்களிடம் பேசுகிறீர்கள்?

அப்புறம் இந்தச் சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது. 14 வயசு முடிந்தவர்கள் இறைச்சி தவிர்க்க வேண்டும், 18 முடிந்தவர்கள் 59 வரை ஒருசந்தி (நோன்பு), சரி, அறிவிப்பில் சொன்னால் போதும். மீனுக்குத் தடையே இல்லை. தினமும் மீன்குழம்பு வைக்கிற கரையில் கறியை விடுவதைப் பெரிய தியாகம் என்று நீட்டி முழக்கினால் யார் நம்புவார்கள்? சில வருஷங்களில் ரமலானும் இதே சமயத்தில் வருகிறது. பக்கத்து வீட்டு பாய் அந்தி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதை நம் ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கறியை விடச் சொல்வதைவிட, முறைத்துக்கொண்டு நிற்கிற கொழுந்தியாளிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், அதுதான் வலிக்கும்.

ஆண்களிடம் பேச வேண்டியதை அடுத்து வரும் ஞாயிறுக்கு வையுங்கள். சனிக்கிழமை போன படகுகள் திரும்பியிருக்கும், அன்றைய நற்செய்தியும் பாலைவனச் சோதனை. பசித்தவனிடம்தான் சாத்தான் கல்லை அப்பமாக்கச் சொன்னான். டீசல் கடன் கழுத்தை நெரிக்கும்போது, தடை செய்த இரட்டைமடி வலையை ஒரே ஒரு தடவை இழுத்தால் என்ன என்று தோன்றுகிறதே, அந்தச் சோதனையைப் பேசுங்கள். திட்டாமல் பேசுங்கள். கடன்பட்டவன் காது கொடுப்பான்.

வாட்ஸ்அப்பில் வருகிற மறையுரையை அப்படியே வாசிக்காதீர்கள், தயவுசெய்து. உறைபனிக்காலம் முடிந்து துளிர் விடுகிறது என்று, பனியே உறையாத பாம்பனில் ஒருவர் வாசித்தார்! 8 நிமிடத்துக்குமேல் போக வேண்டாம் என்று 2024-இல் போப் பிரான்சிஸே சொல்லிவிட்டார், சாம்பல் பூசுகிற வரிசை வேறு நீளமாக இருக்கும். திங்கட்கிழமையே எழுதி முடித்து, மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரியை அடித்துவிடுங்கள்.