வறட்சி தாங்கும் சோளம்: எந்த வறட்சியை?

"வறட்சி தாங்குற சோள விதை எது?" பட்டம் நெருங்கினால் சேலம் மாவட்டத்து ஓமலூர், வாழப்பாடிப் பக்கம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலுக்கு முன் நாம் கேட்க வேண்டியது: உங்கள் காட்டில் மழை எப்போது கைவிடுகிறது?

முளைத்த ஒரு மாதத்தில் காய்வது ஒரு வறட்சி; பூத்த பிறகு காய்வது வேறு. முதலாவதைத் தாங்கும் ரகம் இரண்டாவதிலும் நிற்கும் என்று நம்பிவிட முடியாது. புரட்டாசிப் பட்டத்து மானாவாரிச் சோளம், மழை ஓய்ந்தபின் மண்ணில் மிஞ்சிய ஈரத்தில்தான் மணி பிடிக்கிறது. ஆழமில்லாத செம்மண்ணில் அந்த ஈரம் சீக்கிரம் தீரும். ஆகவே இந்தப் பட்டத்துக்கு, பூத்த பின் வரும் காய்ச்சலைத் தாங்கும் குணமே முக்கியம்.

அதற்குப் பல நாடுகளில் கையாளப்படும் மூலம் பி35 என்ற சோள வரிசை (ஒரே குணம் மாறாமல் வரும் விதை வகை). எத்தியோப்பிய நாட்டுச் சோளத்திலிருந்து வந்தது. மணி முற்றும்வரை இதன் இலை பச்சை மாறாது. தூர் குறைவு, இலைப்பரப்பும் குறைவு என்பதால் பூக்கும் முன் செலவாகாத நீர், மணி பிடிக்கும்போது உதவுகிறது. தண்டு வலுவாக இருப்பதால் பயிர் சாய்வதில்லை. தட்டும் மாட்டுக்கு நல்ல தீவனம்.

இந்தக் குணத்தை ஊர் ரகத்தில் ஏற்ற, பி35-ஐ ஊர் ரகத்தோடு கலந்து கிடைத்த பயிரை ஊர் ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும்; இதுதான் பின்கலப்பு. முதல் பின்கலப்பில் ஊர் ரகத்தின் பங்கு சராசரியாக 75%, இரண்டாவதில் 87.5%, மூன்றாவதில் 93.75%. ஒவ்வொரு தலைமுறையிலும் பசுமைக் குணம் தங்கியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அது நழுவிவிடும்.

பெரும்பாலும் ஏமாறுவது சோதனைக் காட்டில்தான். ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தினால், முன்பூக்கும் வரிசைகள் வறட்சிக்கு முன்பே மணி பிடித்துத் தப்பிவிடும்; அதைத் தாங்கும் திறன் என்று எழுதிவிடுவார்கள். எனவே சில நாள் வித்தியாசத்துக்குள் பூப்பவற்றை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். செம்மண்ணில் பத்தடிக்குள்ளேயே ஆழம் மாறும். ஒவ்வொரு வரிசையையும் குறைந்தது மூன்று தொகுதிகளில் விதைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஊர் ரகத்தை ஒப்பீட்டுக்கு வையுங்கள். பக்கத்திலேயே பாசனப் பாத்தியும் வேண்டும். நல்ல மழை ஆண்டில் விளைச்சல் குறையும் வரிசையை விவசாயி ஏற்கமாட்டார்.

பசுமையை அளக்க இலையை எண்ணும் நாளும் முக்கியம். கதிரின் நடுவிலிருந்து மணியைப் பிரித்து அடியைப் பாருங்கள். கரும்புள்ளி தோன்றியிருந்தால் மணி முற்றிவிட்டது. அன்று பச்சை இலைகளை எண்ணலாம். கூடவே கதிரையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மணி பிடிக்காத பதர்க்கதிர்ச் செடியும் பச்சையாகவே நிற்கும், இலையில் உள்ள சத்தை இழுக்க மணி இல்லாததால். நூறு மணி எடையும் கதிர் எடையும் சேர்த்துக் குறிக்காத பசுமை மதிப்பெண்ணை நாங்கள் நம்புவதில்லை.

தேர்ந்த செடியின் கதிரை, பூ விரியும் முன் காகிதப் பை மாட்டிக் கட்டுங்கள். சோளம் பெரும்பாலும் தன்மகரந்தம்தான் என்றாலும் பக்கத்துக் காட்டு மகரந்தமும் ஓரளவு சேரும்.

காய்ந்து வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த அடியில் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு கூடும். சோதனைப் பாத்தியில் கழித்த இளஞ்செடிகளை மாட்டுக்குப் போடாதீர்கள். பாதிக் கதிர் பூத்த பிறகே பசுந்தீவனமாக அறுக்கலாம்.