என்ன ஆகுமோ என்ற தவிப்பு உடலை என்ன செய்கிறது?

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடிபட்டவர்களின் இந்தச் செயலில், மன அழுத்தம் பற்றிய ஓர் முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது. துன்பத்தைக் காட்டிலும், துன்பம் வருமா வராதா என்று தெரியாத நிலையே பல வேளைகளில் மனிதரை அதிகமாக வதைக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் இதை அளந்து காட்டினார்கள். கணினித் திரையில் தெரியும் பாறையின் கீழே பாம்பு இருக்கிறதா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த வேளையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த வேளையில்தான் அவர்கள் அதிகம் வியர்த்தார்கள்; கண்ணின் பாவையும் அதிகம் விரிந்தது.

ஆபத்தை மூளை உணர்ந்த சில நொடிகளில் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. அதே நேரத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகளுக்கும் ஹார்மோன் வழியே செய்தி அனுப்ப, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெளியாகி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. கார்ட்டிசால் போதிய அளவு கூடியதும் மூளையே அதை உணர்ந்து சுரப்பை நிறுத்திவிடும். அருமையான ஏற்பாடு இது. ஆனால் முடிவு தெரியாத கவலையில் மூளை அதே ஆபத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதால், அடங்கிய சுரப்பு மறுபடியும் தூண்டப்படுகிறது. நள்ளிரவை ஒட்டிக் குறைந்திருக்க வேண்டிய கார்ட்டிசால் குறையாமல் போனால் உறக்கம் கெடும். நாளடைவில் ரத்த அழுத்தம் ஏறும், நோய் எதிர்ப்பாற்றலும் தளரும். மறதி நோயாளிகளை வீட்டில் பராமரித்துவந்த பெண்களின் தோலில் செய்யப்பட்ட சிறு காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாயிற்று என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவு செய்துள்ளது.

கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற உணர்வுக்கு உள்ள வலிமையும் சோதிக்கப்பட்டதுதான். 1970களின் தொடக்கத்தில் வெளியான, உளவியலாளர்கள் கிளாஸ், சிங்கர் ஆகியோரின் சோதனைகளில், காதைத் துளைக்கும் இரைச்சலை நிறுத்த ஒரு பொத்தான் சிலருக்குத் தரப்பட்டது. பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆயினும் பொத்தான் இல்லாதவர்களைக் காட்டிலும் பின்னர் கொடுத்த வேலைகளை நன்றாகச் செய்தார்கள். மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு வந்தவருக்கு மழை குறையப் போவதில்லை, கவலையில் ஒன்று குறைந்திருக்கும்.

ஆகவே தவிப்பவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்வதால் பெரிதாகப் பயனில்லை என்பதே என் கருத்து. ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்திடம் "மாலை 5 மணிக்கு டாக்டர் வந்து பேசுவார்" என்று சொல்லி, சொன்னபடி அவரை வரச் செய்வது உண்மையான உதவி. தனியே தவிக்கும் நேரத்தில் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணியும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.