இன்ஃப்ளமேஷன் என்றால் வீக்கமா?

சிட்ரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட எலும்பில் பொருத்தும் திருகுகள் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘உடலில் வீக்கம் உண்டாக்காத பொருள்’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. மூலத்தில் உள்ள சொல் இன்ஃப்ளமேஷன். அதற்கு வீக்கம் என்று எழுதுவது பிழை. சரியான சொல் அழற்சி.

இன்ஃப்ளமேஷனின் லத்தீன் வேருக்குத் தீமூட்டுதல் என்று பொருள். தமிழிலும் தீயைக் குறிக்கும் சொல் அழல். சுழல் சுழற்சி ஆனதுபோல அழல் அழற்சி ஆயிற்று. பழைய மருத்துவ நூல்களின் ‘தாபிதம்’ என்ற சொல்லும் வெப்பத்தையே சுட்டியது. வடசொல் என்பதைத் தவிர அதில் குறையில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு குறிகள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து முழுவதற்கும் பெயராக்குவது எப்படிச் சரியாகும்? இதயம் தளர்ந்தவருக்குக் கால் வீங்கும். அது அழற்சி அன்று. உள்வைப்பை, அதாவது திருகு போல உடலுக்குள் பொருத்தும் பொருளை, சுற்றி நடப்பதோ பெரும்பாலும் வெளியே தெரியாது. பொருத்திய சிறிது நேரத்திலேயே இரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களும் பிறகு அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் வருகின்றன. விழுங்க முடியாத பொருளானால் மேக்ரோஃபேஜ்கள் ஒன்றிணைந்து பெருஞ்செல்களாகின்றன. வாரக்கணக்கில் நார்த்திசு உறை எழும்புகிறது. இவ்வளவுக்கும் தோல் வீங்காமலே இருக்கலாம்.

‘வீக்கம்தான் மக்களுக்குப் புரியும்’ என்பது மொழிபெயர்ப்பாளர்களின் வாதம். இந்தத் துறையில் அந்த எளிமையே குழப்பம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கியெர்மோ அமீரின் குழு 2004இல் வெளியிட்ட பாலி ஆக்டேன்டயால் சிட்ரேட் என்ற சிட்ரிக் அமிலப் பாலிமரையே பாருங்கள். சிட்ரிக் அமிலத்தையும் ஆக்டேன்டயாலையும் சம மோல் அளவில் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருக்கி, வெப்பத்தைக் குறைத்துச் சற்று நேரம் வினைபுரியவிட்டு, பிறகு 80 முதல் 120 டிகிரியில் நாட்கணக்கில் பதப்படுத்துவார்கள். பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு குறைந்தால் இந்தப் பொருளே நீரை உறிஞ்சி வீங்கும். ஆய்வகத்தில் அளக்கும் முக்கியப் பண்புகளுள் அதுவும் ஒன்று. ‘வீக்கம் குறைவு’ என்று எழுதினால் வீங்காதது திருகா, திசுவா? இங்கே பொருளுக்கு வீக்கம், திசுவுக்கு அழற்சி என்று பிரித்து எழுதியே ஆகவேண்டும்.

அழற்சியைத் ‘தொற்று’ என்று எழுதுவது இன்னும் மோசம். உடலுக்குள் மெல்லக் கரையும் பாலிலாக்டிக், பாலிகிளைக்காலிக் பாலிமர் வகைத் திருகுகள் உள்ளிருந்தும் சிதைகின்றன. வெளியேற முடியாத அமிலம் உள்ளே தேங்கிச் சிதைவை முடுக்குகிறது. மாதங்கள் கழித்து அது மொத்தமாகக் கசியும்போது திசு அழன்று நீர் வடியலாம். அதில் கிருமி இராது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பயனில்லை.

‘உண்டாக்காத’ என்பதும் தவறு. அழற்சியைத் தூண்டாத உள்வைப்பு கிடையாது. சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட் எலும்பில் இயல்பாகவே உள்ள பொருள்தான். ஆனாலும் சரியாகப் பதப்படாத பாலிமரிலிருந்து வினைபுரியாத அமிலம் கசிந்தால் சுற்றுத் திசு புண்படும். ‘குறைந்த அழற்சி’ என்பதே நேர்மையான தொடர்.

அழற்சி என்ற சொல்லை அறிந்தவர்களும் மருந்தைப் பற்றி எழுதும்போது ‘எதிர்ப்பு அழற்சி மருந்து’ என்கிறார்கள். ‘ஆன்டி’ என்ற ஆங்கில முன்னொட்டை அப்படியே முன்னால் ஒட்டினால் தமிழில் அது ‘எதிர்ப்பால் வரும் அழற்சி’ என்று பொருள்படும். ‘அழற்சி தணிக்கும் மருந்து’ என்று எழுத என்ன தடை?