நம் கரைச் சுறாக்குட்டி யார் பிள்ளை?

"தடைக்காலம் முடிந்ததும் நாகப்பட்டினத்தில் முழ நீளச் சுறாக்குட்டிகள் கூடை கூடையாக ஏலம் போகின்றன. கடல் ஒன்றுதானே, இங்கே குறைந்தால் வேறு கரையிலிருந்து வந்து நிரம்பிவிடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால், நம் ஆயுளுக்குள் அப்படி நிரம்பும் என்று நம்ப இடமில்லை.

பால் சுறாவும் கொம்பன் சுறாவும் முட்டையிடுவதில்லை. கருவை ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமந்து குட்டி போடுகின்றன. வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டை விடும். பால் சுறா ஒரு ஈத்துக்கு எட்டுக் குட்டி போட்டாலே அதிகம். குட்டிகள் வளர்வது கரையோரத்து ஆழமில்லாத நீரில். சரி, அந்தக் கரையைத் தாய் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இதுதான்.

இதற்கு விடை தேட டிஎன்ஏ உதவுகிறது. உயிரணுவில் அது இரண்டு இடங்களில் இருக்கிறது. உட்கருவில் இருப்பது பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையமோ தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆண் சுறாவிடமும் அதன் அம்மாவின் வளையம் உண்டு. ஆனால் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அதற்கு வழியில்லை.

இப்போது இரண்டு கரைகளில் சுறாக்களின் சதைத் துணுக்கை எடுத்து இரண்டு டிஎன்ஏவையும் ஒப்பிடுங்கள். ஆணும் பெண்ணும் கலந்து திரிந்து எங்கும் குட்டி போட்டால் இரண்டுமே ஒத்துப்போகும். யாருமே நகராவிட்டால் இரண்டுமே வேறுபடும். உட்கரு ஒத்துப்போய், தாய்வழி வளையம் மட்டும் கரைக்குக் கரை மாறினால்? ஆண்கள் கரை தாண்டி இனம் சேர்கின்றன, பெண்கள் குட்டி போடத் தம் கரைக்கே திரும்புகின்றன என்று பொருள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணைப் போல. 2001இல் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வெள்ளைச் சுறாக்களில் கண்டது இந்த மூன்றாவது நிலையைத்தான். சுறாக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாலூட்டிகளுடையதைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக மாறுவது. அதிலேயே வேறுபாடு தெரிகிறது என்றால், அந்தத் தாய்வழிகள் பிரிந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் வேடிக்கை. 2003இல் தென்னாப்பிரிக்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் சுறா 99 நாளில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. ஒன்பது மாதத்துக்குள் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பியும் விட்டது. போக வர 20,000 கிலோமீட்டருக்கு மேல்! பெண் நகராது என்றால் இது எப்படி? முரண்பாடே இல்லை. செயற்கைக்கோள் காட்டுவது மீன் போன வழியை. தாய்வழி வளையம் காட்டுவது அது குட்டி போட்ட இடத்தை. பெண் சுறா எவ்வளவு தூரம் சுற்றினாலும் அங்கே குட்டி போடாவிட்டால் அந்தக் கரையில் அதன் சுவடு இருக்காது.

கொம்பன் சுறாவிலும் உலக அளவில் இதே பாங்கு தெரிந்திருக்கிறது. அதனால்தான் வாசகருக்கு அப்படிப் பதில் சொன்னேன். வெளியிலிருந்து வரும் ஆண் சுறா தன் மரபணுவைக் கொண்டுவரும், குட்டி போடாது. உட்கரு டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் "எல்லாம் ஒரே கூட்டம், நலமாக இருக்கிறது" என்றே தோன்றும். ஒரு கரையின் தாய்கள் தீர்ந்துகொண்டிருப்பது அதில் தெரியாது.

2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது நல்ல காரியம். ஆனால் நம் ஏலக்கூடத்துக் குட்டிகள் துடுப்புக்காக வருபவை அல்ல, புட்டுக்காக வருபவை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாதான் வேண்டும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வேண்டிய புரதம் மத்தியிலும் நெத்திலியிலும் இருக்கிறது. பெரிய சுறாக்களின் இறைச்சியில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்த முறை ஏலக்கூடத்தில் ஒரு குட்டியைப் புரட்டிப் பாருங்கள். நெஞ்சுத் துடுப்புகளுக்கு நடுவே சின்னக் கீறல் ஒன்று இருக்கும். அது தொப்புள் தழும்பு. ஆறாமல் திறந்திருந்தால் அது பிறந்து சில வாரம்கூட ஆகவில்லை, பிறந்த இடமும் பெரும்பாலும் பக்கத்தில்தான். அந்தக் குட்டியின் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி எத்தனாலில் போட்டால் போதும், மாதிரி தயார். பஹாமாஸின் பிமினி தீவில் எலுமிச்சைச் சுறாக் குட்டிகளிடம் இப்படி ஏறக்குறைய இருபது ஆண்டு விடாமல் மாதிரி எடுத்தார்கள். 1993-97இல் அங்கே பிறந்த ஆறு பெண் சுறாக்களாவது 14 முதல் 17 ஆண்டு கழித்து அதே இடத்தில் குட்டி போட வந்தது அப்படித்தான் தெரிந்தது.

நம் ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்றாண்டில் முடிந்துவிடுகிறது. பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்பும் தாயை அதை வைத்துப் பிடிக்க முடியாது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பழையாறு, நாகை, கோடியக்கரை மூன்றிலும் ஆண்டுதோறும் குட்டிகளின் துடுப்புத் துணுக்கைச் சேர்க்க நீண்டகால நிதி ஒதுக்கினால், எந்தக் குட்டிகள் ஒரு தாய் மக்கள் என்று பிரித்து, இந்தக் கரைக்கு வந்துபோகும் தாய்கள் ஏறக்குறைய எத்தனை என்று கணக்கிடலாம். அதற்கு ஒரு தாய்ச் சுறாவைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை.