ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை எதற்கு?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மழை தொடங்கினாலே பிள்ளைக்கு வயிற்றால் போகிறது. டாக்டர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்கிறார். உப்பு சரி, சர்க்கரை எதற்கு? தெம்புக்கா?"

சர்க்கரைக்கு அதில் பெரிய வேலை இருக்கிறது: உப்பை உள்ளே கூட்டிப்போவது. உப்பு போனால்தான் தண்ணீர் போகும்.

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பிலுள்ள சோடியமும், சர்க்கரையான குளுக்கோஸும் தாமாக அதைக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்த புரதங்கள்தான் கடத்திவிட வேண்டும். சிறுகுடல் செல்லில், குடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் அப்படியொரு புரதம் எஸ்ஜிஎல்டி1.

இது வேலை செய்யும் அழகை நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு குழி. குடல் பக்கம் ஒரு வாசல், செல்லின் உள்பக்கம் ஒரு வாசல். இரண்டும் சேர்ந்து திறப்பதே இல்லை. முதலில் குடல் பக்கம் திறந்திருக்க, 2 சோடியம் அயனிகள் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்த பிறகுதான் குளுக்கோஸுக்கான இடம் சரியாக அமைகிறது. குளுக்கோஸ் வந்து பொருந்தியதும் புரதமே உருமாறுகிறது: வெளிவாசல் மூடுகிறது, உள்வாசல் திறக்கிறது. செல்லுக்குள் சோடியம் குறைவு என்பதால் சோடியம் கழன்றுகொள்கிறது, குளுக்கோஸும் விடுபடுகிறது. காலியான புரதம் மறுபடி குடல் பக்கம் திறக்கிறது. இத்தனைக்கும் இது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி எதையும் நேரடியாகச் செலவழிப்பதில்லை! உள்ளே சோடியத்தைக் குறைத்து வைப்பது, செல்லின் ரத்தப் பக்கம் இருக்கும் சோடியம் பம்ப். ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. சோடியம் போகும் வழியில் தண்ணீரும் சவ்வூடு பரவலால் போகிறது.

காலரா நஞ்சு குடல் செல்களிலிருந்து குளோரைடையும், கூடவே தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1ஐத் தொடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் நம்பியது இந்த வழியைத்தான். உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்தார்; 30 சதவீத அளவில் இருந்த காலரா இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகும் இந்த இணைப்பை முன்வைத்தபோது மருந்து எதையும் தேடவில்லை. குடல் சர்க்கரையை எப்படி உறிஞ்சுகிறது என்பதே அவர் கேள்வி. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான பணத்தைக் குறைப்பவர்கள் இதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையைத் தாகத்தோடு விடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. கூல்டிரிங்க்ஸும் வேண்டாம், அதிலுள்ள மிதமிஞ்சிய சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸும் சோடியமும் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) வீதம், சமமாக இருக்கின்றன. 1 லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். கொதித்து ஆறிய நீர் முழு லிட்டர் எடுத்துக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.