அரைச் செக்கனுக்குள் இரண்டு கிளிக்

"தம்பி, திறக்க எண்டு அமத்தினா பேரெல்லோ நீலமா வருது!" யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கக் கொமியூனிகேசன் கடைகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. பென்சன் கடிதம் பிரிண்ட் எடுக்க வந்த ஐயா இரண்டு தரம்தான் கிளிக் பண்ணியிருப்பார். ஆனால் ஆறுதலாக. கடைப் பொடியன் எட்டி டக் டக்கென்று தட்ட, கோப்பு திறந்துவிடும்.

உண்மையில் மவுஸுக்கு இரட்டைக் கிளிக் என்று ஒன்றே தெரியாது. பொத்தான் கீழே போனது, மேலே வந்தது, அவ்வளவுதான் அது சொல்லும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணுவது இயங்குதளம். விண்டோஸில் வழமையான கணக்கு 500 மில்லிசெக்கன். இரண்டாவது அமத்தல் அதற்குள் விழவேண்டும். அம்புக்குறியும் ஓரிரு பிக்சலுக்கு மேல் அசையக்கூடாது. கை நடுங்குகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனையில்தான். பொத்தானை அமத்தியபடியே கை இழுபட்டால் இன்னும் மோசம்: கோப்பு பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். பிறகு கணினி முழுக்கத் தேடுவார்கள்.

முதல் கிளிக் விழுந்த கணத்தில், அடுத்தது வருமா வராதா என்று கணினிக்குத் தெரியாது. காத்திருந்து பார்த்தால் ஒவ்வொரு கிளிக்கும் அரைச் செக்கன் மந்தமாகும். அதனால் காத்திராமல் கோப்பைத் தெரிவு செய்துவிடுகிறது. இரண்டாவது வந்தால் திறக்கிறது. முதலாவது செயல் யாருக்கும் கேடில்லாததாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. 1983இல் ஒற்றைப் பொத்தான் மவுஸோடு வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே இந்த முறை இருந்தது.

ஐயாவின் நீலப் பெயருக்கும் காரணம் இதுதான். ஏற்கெனவே தெரிவாகியிருக்கும் கோப்பின் பெயர்மேல் இன்னொரு தனிக் கிளிக் விழுந்தால், பெயர் மாற்றச் சொல்கிறார் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. கவனித்துப் பாருங்கள், பெயர் மாற்றும் அந்த நீலப் பெட்டி சற்றுப் பிந்தியே வரும். இது இரட்டைக் கிளிக்கின் முதல் பாதியாக இருக்குமோ என்று அது அங்கே மட்டும் காத்திருக்கிறது. தொலைபேசியிலும் இதே தொல்லை இருந்தது: இருமுறை தட்டினால் பெரிதாகும் வசதிக்காக, உலாவிகள் ஒவ்வொரு தட்டலுக்கும் ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் தாமதித்தன.

அப்போ எல்லாவற்றையும் ஒற்றைக் கிளிக்கில் திறந்தால் என்ன? விண்டோஸ் 98இல் அந்தத் தெரிவு இருந்தது. அம்புக்குறியை மேலே வைத்தாலே கோப்பு தெரிவாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் பலர் பாவிக்கும் திரைமுகப்பான கேடிஇ நெடுங்காலம் ஒற்றைக் கிளிக்கையே வழமையாக வைத்திருந்து, 2024இல் அதன் பிளாஸ்மா 6 பதிப்பு வந்தபோது இரட்டைக்கு மாறியது. திறப்பது லேசாகும்போது தெரிவு செய்வது கஷ்டமாகிறது, அதுதான் சிக்கல். ஆனாலும் பலர் வந்து போகிற கடைக் கணினிக்கு ஒற்றைதான் நல்லது என்பேன். இணையத்தில் ஒன்று, டெஸ்க்டொப்பில் இரண்டு என்று நாம் பழக்கிவிட்டதால், விண்ணப்பப் படிவத்தின் 'சமர்ப்பி' பொத்தானையும் சிலர் இரண்டு தரம் தட்டுகிறார்கள்.

மாற்ற மனமில்லையென்றால் மவுஸ் செட்டிங்கில் இரட்டைக் கிளிக் வேகத்தைக் குறைக்கலாம்; பக்கத்திலிருக்கும் ஃபோல்டர் படத்தைத் தட்டிச் சரிபார்க்கவும் முடியும். அதுவும் வேண்டாமென்றால் ஒரு கிளிக், அப்புறம் என்டர். பெயர் நீலமாகிவிட்டால் எஸ்கேப். ஒரு தரம் அமத்தினாலே இரண்டாக எண்ணுகிற மவுஸ் வேறு கதை: உள்ளே சுவிட்சின் தகடு தேய்ந்து துள்ளுகிறது. அதற்குப் புது மவுஸ்தான்.