ஐலண்ட் மேடை கேட்பவர்களுக்கு: முதலில் நிற்கிற இடத்தை அளந்துவிடுங்கள்

கிச்சன் வடிவமைத்துக் கொடுக்கிற எனக்கு இந்த வருடத்தில் இது மூன்றாவது வீடு. "மேடம், கிச்சன் நடுவுல இருக்கிற மேடையை எடுத்துட முடியுமா, எவ்வளவு செலவாகும்?" என்று போன மாதம் கோவை வடவள்ளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கிரகப்பிரவேசம் நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய அம்மாவுக்கு 63 வயது. கஞ்சி வடித்த பாத்திரத்தோடு சிங்கிலிருந்து திரும்பியிருக்கிறார். அதே நேரத்தில் அவருக்குப் பின்னால் மருமகள் ஐலண்டின், அதாவது அந்த நடு மேடையின், கீழ் டிராயரை இழுத்திருக்கிறார். முழங்காலில் டிராயர் இடித்து, கஞ்சி முழுக்கக் காலில் கொட்டிவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்களாம். நான் போனபோது கட்டு அவிழ்த்திருந்தது, பாதத்தில் சிவப்பு மாறவில்லை. ஐலண்டின் நான்கு மூலையிலும் பழைய டர்க்கி டவலை மடித்து வைத்து பிரவுன் டேப் சுற்றியிருந்தார்கள். கிரானைட்டின் மூலையை உருட்டாமல் நேர்வெட்டாக விட்டிருக்கிறார்கள். அது பேரனுடைய நெற்றிக்குச் சரியான உயரம்.

ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னேன். கதவு பாதி திறந்ததும் ஐலண்டில் முட்டி நின்றது. கதவின் விளிம்பில் பெயின்ட் போய் ஒரு கோடு. காய்கறித் தட்டை வெளியே இழுக்க அந்தக் கதவு இடம் கொடுக்கவில்லை. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தட்டைக் கழுவவே முடியவில்லை என்றார் அந்த அம்மா. கால் வெந்ததைவிட இதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அதிக வருத்தம்.

இத்தனைக்கும் சின்ன கிச்சன் இல்லை. வரைபடத்தில் 12 அடி அகலம், 14 அடி நீளம். கணக்கும் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு சுவரில் மேடை 24 அங்குலம், எதிர்ச்சுவரில் டால் யூனிட்டும் (ஆள் உயர அலமாரி) ஃப்ரிட்ஜும் 24 அங்குலம், நடுவில் 36 அங்குல ஐலண்ட். 144-இல் 84 போனால் 60. இரண்டு பக்கமும் 30, 30. இரண்டரை அடி.

நான் டேப் வைத்தபோது வந்தது 26½ அங்குலம். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் 19.

மீதி எங்கே போனது என்று கேட்டார் என்னைக் கூப்பிட்டவர். வரைபடத்தில் இருந்தது செங்கல் சுவரின் அளவு. பூச்சும் டைலும் ஏறியதும் இரண்டு பக்கமும் சேர்த்து 2½ அங்குலம் போய்விட்டது. மேடையின் கிரானைட் முன்னால் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், ஆக 25. ஐலண்டில் இரு பக்கமும் ஒவ்வொரு அங்குலம், ஆக 38. டால் யூனிட்டின் கைப்பிடி ஒன்றரை. ஃப்ரிட்ஜ் சுவரோடு ஒட்டாது. பின்னால் காற்று போக விட்ட இடம், உடம்பு, கைப்பிடி எல்லாம் சேர்த்து 33 அங்குலம். அதை வரைபடத்தில் 24 என்று ஒரு கட்டமாகப் போட்டிருந்தார்கள். இப்படித்தான் கரைகிறது. ஆசாரியையோ கொத்தனாரையோ குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் கொடுத்த அளவுக்குச் செய்திருக்கிறார்கள்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு ஆள் நடக்க ரெண்டரை அடி போதாதா மேடம்?" நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நடக்கப் போதும். சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் சமையலறையில் யார் நடக்கிறார்கள்? நிற்கிறார்கள், குனிகிறார்கள், திறக்கிறார்கள், கையில் சூடான பாத்திரத்தோடு திரும்புகிறார்கள். அந்த இடம் வெறும் வழி கிடையாது. மேடையில் செய்கிற வேலையில் பாதி அந்தத் தரையில் நின்றுதான் நடக்கிறது.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். இப்போது எல்லோரும் போடுகிற டேண்டம் டிராயர் முழுக்க இழுத்தால் 20 அங்குலம் வெளியே வரும். 26½-இல் 20 போனால் மிச்சம் 6½. அந்த ஆறரை அங்குலத்தில் யார் நிற்பது? பக்கவாட்டில் நின்றுகொண்டு கோணலாகக் குனிந்துதான் எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் இன்னொருவர் போகவே முடியாது. டிஷ்வாஷர் கதவு கீழே விழுந்தால் அதுவே இரண்டு அடி. அடுப்பின் முன்னால் ஒருவர் நிற்கிறார் என்றால் அவர் மட்டுமே ஒன்றரை அடியாவது எடுத்துக்கொள்வார். கீழ் டிராயரிலிருந்து குக்கரை எடுக்கக் குனிந்தால் இடுப்பு பின்னால் போகும், அதற்கு இன்னும் ஒரு அடி. டிராயருக்கு 20, அதன் முன்னால் நிற்பவருக்கு 20, அசைய ஓரிரண்டு அங்குலம். கூட்டினால் 42 வருகிறதா? அமெரிக்காவின் நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் தன்னுடைய வழிகாட்டியில் சொல்வதும் இதே 42 அங்குலம்தான். அதுவும் ஒருவர் மட்டும் சமைக்கிற கிச்சனுக்கு. இரண்டு பேர் சமைத்தால் 48. வேலை எதுவும் இல்லாத, கடந்து போக மட்டுமான வழிக்கு 36. இவை குறைந்தபட்ச அளவுகள்.

"அது அமெரிக்கா, நமக்கு அவ்வளவு வேண்டாம்" என்பார்கள். நமக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பது என் அனுபவம். நம் வீட்டில் ஒருவர் மட்டும் சமைக்கிற நாள் எத்தனை? மாமியார் தாளிக்கும்போது மருமகள் தேங்காய் துருவுவார், வேலைக்கு வருகிற அக்கா அதே நேரத்தில் சிங்கில் நிற்பார். தீபாவளிக்கு முந்தின நாள் நான்கு பேர். கிரைண்டரை இழுத்து வைக்கிறோம், கீரையைத் தரையில் பரப்பி உட்கார்ந்து ஆய்கிறோம், குனிந்து துடைக்கிறோம். நிறைந்த சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. அதை உள்ளே கொண்டு வந்து திருப்பி மாட்டுவதற்கும் இடம் வேண்டும்.

அப்படியானால் அறை எவ்வளவு அகலம் வேண்டும்? இரண்டு சுவரிலும் அலமாரி, நடுவில் வெறும் 2 அடி ஐலண்ட், ஒரு பக்கம் 42, மறுபக்கம் 36 என்று வைத்தாலே டைல் முடிந்த பிறகு 13 அடி கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 3 அடி ஐலண்ட், சமைக்கிற பக்கம் 48, ஃப்ரிட்ஜ் பக்கம் 42 என்றால் 15½ அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பது 1.8 மீட்டர் அகலம், அதாவது 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஃப்ளாட்களில் 8-க்கு 10 என்று கொடுத்துவிட்டு நல்ல பெரிய கிச்சன் என்கிறார்கள். அந்த அறையில் ஐலண்ட் கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நான் மறுத்தால் வேறொருவர் போட்டுக்கொடுப்பார், எனக்குத் தெரியும். கஷ்டப்படப் போவது அந்தக் கிச்சனில் தினமும் மூன்று வேளை நிற்பவர்.

3D படத்தைக் காட்டி "இதில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்" என்பார்கள். அந்தப் படங்களை அகன்ற கோணத்தில், பல சமயம் சுவருக்கு வெளியே கேமராவை நிறுத்தி எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் முழுக் கிச்சனும் ஒரு படத்தில் தெரியாது. நிறம், அலமாரிக் கதவு, விளக்கு இவற்றைத் தேர்ந்தெடுக்க அது போதும். இடத்தைத் தெரிந்துகொள்ள மேலிருந்து பார்க்கிற பிளான் வேண்டும். அதில் கிரானைட் விளிம்பிலிருந்து கிரானைட் விளிம்பு வரை அளவு எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். ஃப்ரிட்ஜின் மாடலை முதலிலேயே முடிவு செய்து, கதவு திறந்த நிலையில் வரையச் சொல்லுங்கள். ஓவன், டிஷ்வாஷர், டிராயர் எல்லாமே திறந்த நிலையில் இருக்கட்டும்.

அடுப்பை ஐலண்டில் வைக்கலாமா என்று கேட்பவர்களும் அதிகம். கிழக்குப் பார்த்துச் சமைக்க அதுதான் வசதி என்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். சிலிண்டரிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதைத் தரைக்கு அடியில் புதைக்கவும் கூடாது. அதனால் செம்புக்குழாய் போட்டு லைன் இழுக்க வேண்டும். சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். இதெல்லாம் பணத்தால் முடிகிற காரியம்தான். என்னை உறுத்துவது, எதிர்ப்பக்கம் ஸ்டூலில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பக்கம் கடுகு வெடிப்பது. ஒரே மட்டத்தில் இருக்கிற ஐலண்டில் அடுப்புக்குப் பின்னால் 9 அங்குலமாவது மேடை வேண்டும் என்று அந்த அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. நம் தாளிப்புக்கு அது காணாது. அடுப்பும் சிங்கும் சுவரோடு இருக்கட்டும். காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க, பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கட்ட ஐலண்டை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றுக்கும் நடுவே போகிற பாதையில் ஐலண்டின் மூலை குறுக்கிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூல் போட வேண்டும் என்றால் ஒரு ஆளுக்கு 2 அடி அகலம். உட்கார்ந்தவருக்குப் பின்னால் ஆள் போக வேண்டுமானால் 44 அங்குலம். அது இல்லாவிட்டால் ஸ்டூலை விட்டுவிடுங்கள், சாப்பாட்டு மேசை இருக்கிறது.

அதேபோல் இடம் இருக்கிறதே என்று ஐந்தடிக்கு மேல் விடாதீர்கள். வெண்டைக்காயை ஐலண்டில் நறுக்கிவிட்டு அடுப்புக்கு எடுத்துப்போக மூன்று எட்டு வைக்க வேண்டியிருந்தால் நாலே நாளில் சுவர்ப்பக்கமே நறுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்பா அம்மா கூட இருக்கும் வீடுகளில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. சக்கர நாற்காலி திரும்ப மட்டுமே 5 அடி வட்டம் வேண்டும். இன்று தேவையில்லையே என்று தள்ளாதீர்கள். பத்து வருடம் கழித்து வாக்கரோடு உள்ளே வர முடியாமல் ஒரு அம்மா தன் சொந்தக் கிச்சன் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். டைல் ஒட்டுவதற்கு முன், ஐலண்டுக்கான பிளக் பாயிண்ட் பைப்பைத் தரையில் புதைப்பதற்கு முன். சாக்பீஸில் கோடு போட்டால் போதாது. கோட்டைத் தாண்டி முழங்கையும் இடுப்பும் போய்வரும், உங்களுக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிகளை மேடை உயரத்துக்கு அடுக்கி, ஐலண்டும் எதிர் அலமாரியும் இருக்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் நிஜமாகச் சமைக்கிறவரைக் கூப்பிடுங்கள். கையில் வெறும் இட்லிப் பானையைக் கொடுத்து அடுப்புக்கும் சிங்குக்கும் போய் வரச் சொல்லுங்கள். இன்னொருவர் குறுக்கே குனியட்டும். அரை மணி நேரம் போதும். பெட்டி நகர்ந்தால் இடம் பற்றவில்லை என்று அர்த்தம்.

பற்றாத அறைக்கும் வழி இருக்கிறது. எதிர்ச்சுவரைக் காலியாக விட்டு, ஹாலைப் பார்த்துத் திறந்த கிச்சனாக ஒரு சுவர் மேடையும் ஐலண்டும் மட்டும் வைக்கலாம். ஐலண்டின் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துவிட்டால் ஒரு பக்க வழி மிச்சமாகும். இரண்டடிக்கு நான்கடியில் பிரேக் வைத்த சக்கரத்தோடு ஒரு மர மேசை செய்துகொள்ளலாம், வேண்டாதபோது ஓரமாகத் தள்ளிவிடலாம். என் வீட்டில் இருப்பது அந்த மேசைதான்.

வடவள்ளி வீட்டில் போன வாரம் வேலை தொடங்கினோம். டால் யூனிட்டும் ஃப்ரிட்ஜும் சாப்பாட்டு அறைப் பக்கச் சுவருக்குப் போகின்றன. மகனுக்கு ஐலண்ட் வேண்டும், அதனால் அது 2 அடி அகலத்தில் திரும்ப வருகிறது. பழையதைத் தூக்கியதும் அடியில் வெறும் சிமென்ட். டைல் மிச்சம் பிடிப்பதற்காக ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள், இப்போது அதே நிறம் கிடைக்கவில்லை. பிளக் பாயிண்ட் பைப் சரியாக நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. தரையை வெட்டித்தான் அதை நகர்த்த வேண்டும்.

வெட்டும் முன் அட்டைப்பெட்டிகளை நிறுத்தினேன். மேடையிலிருந்து 48 அங்குலம், அந்தப் பக்கம் 42 சொச்சம். அம்மா இட்லிப் பானையோடு சிங்குக்கும் அடுப்புக்கும் மூன்று தடவை போய் வந்தார். மருமகளைக் குனியச் சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு அங்குலம் விடு கண்ணு" என்றார். பெட்டிகளைத் தள்ளிவைத்து, அதன் ஓரமாகவே கோடு போட்டேன்.